‘மிஸ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி: கொக்குவில் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் மகள் ரொறன்ரோவில் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். ஓகஸ்ட் விடுமுறைக்குக் கொக்குவிலுக்கு வந்து, என் அம்மாவோடு, அதாவது தன் அம்மம்மாவோடு, ஐந்து கிழமை நின்றுவிட்டுத் திரும்பிப் போன பிள்ளை, இப்போது தன் கையால் ஒரு கடிதம் எழுதித் தபாலில் அனுப்பியிருக்கிறாள். தமிழை நன்றாகப் பேசுவாள். எழுத இன்னும் வராது என்பதால் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் ஒருமுறை வாசித்துப் பொருள் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை. “நீ வேலைக்குப் போன நேரத்திலையும் நான் எடுத்து வாசிக்கவேணும், ஒவ்வொரு வரிக்குக் கீழையும் தமிழிலை பெரிசா எழுதித் தா” என்று கேட்டிருக்கிறார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் இடறியது. ஒரே பக்கக் கடிதத்தில் ‘மிஸ்’ என்ற வினைச்சொல் ஐந்து இடங்களில் வருகிறது. ஐந்து இடங்களிலும் பொருள் ஒன்றாக இல்லை. முதல் வரியே ‘ஐ மிஸ் யூ அம்மம்மா’ என்றுதான் தொடங்குகிறது. அடுத்தது, திரும்பிப் போகும் வழியில் துபாயில் மாறி ஏறவேண்டிய விமானத்தை அவர்கள் ‘மிஸ்’ பண்ணிய கதை. பிறகு, பிறந்தநாளன்று அம்மம்மா எடுத்த தொலைபேசி அழைப்பு, அவள் பாடசாலையில் இருந்தபடியால் ‘மிஸ்’ ஆனது. பிறகு, வீட்டுக்கு முன்னால் வேகமாகப் போன கார் ஒன்று அவர்களுடைய பூனையை ‘ஜஸ்ட் மிஸ்’ பண்ணியது. கடைசியில், தன் முன்பற்கள் இரண்டும் ‘மிஸ்ஸிங்’ என்று எழுதி, பக்கத்தில் பல்லில்லாத ஒரு சிரிப்பையும் கீறியிருக்கிறாள்.

வீட்டிலுள்ள ஆங்கில அகராதியைப் பார்த்தால் ‘தவறவிடு’, ‘குறி தவறு’, ‘இழ’ என்று போட்டிருக்கிறது. விமானத்துக்குத் ‘தவறவிட்டோம்’ பொருந்துகிறது. ஆனால் ‘கார் பூனையைத் தவறவிட்டது’ என்று எழுதினால், பூனையை அடிக்கவேண்டும் என்றே அந்தக் கார் வந்தது போலிருக்கிறது. ‘அம்மம்மா, உங்களைத் தவறவிடுகிறேன்’ என்று எழுத எனக்குக் கையே வரவில்லை. வாசித்துக் காட்டிய அன்று ‘உங்களை நினைக்கிறாளாம்’ என்று சொல்லிச் சமாளித்தேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நினைக்காமல் விடுவாளோ, அதையோ மினக்கெட்டு எழுதினவள்?” என்று கேட்டார். பிள்ளை எழுதியது பெரிது, நான் சொன்னது சிறிது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள்தான் என்ன? ஐந்து இடத்துக்கும் பொதுவாக ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறதா? குறிப்பாக, அந்த முதல் வரிக்கு அம்மா நம்பக்கூடிய ஒரு தமிழ் வாக்கியம் வேண்டும். தெரிந்தவர்கள் உதவவேண்டும்.


பதில்: பருத்தித்துறை வாத்தியார்

தங்கைக்கு வணக்கம். 31 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஐந்துக்கும் பொதுவான ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. அதற்காக நீங்கள் மனம் சோரவேண்டியதில்லை; ஆங்கிலம் ஒரு சொல்லுக்குள் அடக்கி வைத்திருப்பதைத் தமிழ் பிரித்துச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இந்த வினைச்சொல் பழைய ஆங்கிலத்திலேயே இருப்பது. ஜெர்மன், டச்சு மொழிகளிலும் இதன் உடன்பிறப்புகள் உண்டு. எய்த அம்போ எறிந்த கல்லோ இலக்கில் படாமல் போவதுதான் இதன் மிகப் பழைய பொருள்களில் ஒன்று. அந்த இடத்திலிருந்து பொருள் எப்படி நகர்ந்தது என்று பார்த்தால் ஐந்து வரிகளும் ஒரே நூலில் கோத்தவை என்பது தெரியும். கல் இலக்கில் படவில்லை. பிறகு, ஓடிப் போன மனிதன் பஸ்ஸை எட்டவில்லை. பிறகு, கை நீட்டிய இடத்தில் பொருள் இல்லை என்று காண்கிறான். கடைசியில், அந்த இடத்தில் அது இல்லையே என்று வருந்துகிறான். எறிந்த கல்லில் தொடங்கிய சொல் இப்படித்தான் உங்கள் பெறாமகளின் முதல் வரிக்கு வந்து சேர்ந்தது.

இதிலே மூன்றாவது படியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகளில் அநேகர் அதை அறியாமலே க.பொ.த. சாதாரண தரத்தைத் தாண்டிவிடுகிறார்கள். பணப்பையைத் தொலைத்தவரிடம் ஆங்கிலேயப் பொலிஸ்காரர் ‘அதை முதலில் எப்போது மிஸ் பண்ணினீர்கள்’ என்று கேட்டால், அவர் ஏக்கத்தைப் பற்றி விசாரிக்கவில்லை. பை இல்லை என்பது எப்போது கண்ணில் பட்டது என்றுதான் கேட்கிறார். தமிழில் ‘எப்போது காணவில்லை என்று கண்டீர்கள்’ என்று சொல்வோம். 1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், சாமுவேலின் முதலாம் புத்தகத்தில், யோனத்தான் தாவீதிடம் ‘நாளை உன் இருக்கை வெறுமையாக இருக்கும், ஆகையால் நீ இல்லாதது தெரியவரும்’ என்ற கருத்தில் இந்த வினையைத்தான் பயன்படுத்துகிறான். அரசனின் விருந்தில் ஓர் ஆசனம் காலியாக இருப்பதைக் கண்கள் காண்பதுதான் அங்கே நேர்ப் பொருள். ஆனால் சொல்பவன் உயிர் நண்பன் என்பதால் வாசிப்பவருக்கு அதற்குள் துயரமும் கேட்கிறது. காணுதலும் வருந்துதலும் இந்த வினைக்குள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இனி உங்கள் பூனைக்கு வருகிறேன். நீங்கள் தடுமாறியது சரியான இடத்தில்தான். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தின் எழுவாய் கார். தமிழ் அப்படிக் காரின் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை, பூனையின் பக்கத்தில் நின்று பார்க்கிறது. ஆகவே ‘பூனை மயிரிழையில் தப்பியது’ என்று எழுதுங்கள். காரைக் காரணமாகக் காட்டவேண்டுமானால் ‘காரில் அடிபடாமல்’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். பஸ்ஸிலும் இதே கதைதான். எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு மூச்சு வாங்க வந்து சேரும் பெரியவர் ‘நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்’ என்று சொல்வதில்லை. “பஸ் போட்டுது” என்கிறார். ஆங்கிலத்தில் குற்றம் ஆளின் தலையில் இருக்கிறது, தமிழில் போனது பஸ். இதனால் துபாய் விமானத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் நடந்ததைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் கடைகளைப் பார்த்துக்கொண்டு நின்று பிந்தியிருந்தால் ‘விமானத்தைத் தவறவிட்டோம்’ என்பது பொருந்தும். கொழும்பிலிருந்து போன விமானம் பிந்தியதால் அப்படி நடந்திருந்தால், ‘நாங்கள் போய்ச் சேர முதல் அந்த விமானம் போய்விட்டது’ என்பதுதான் நியாயமான தமிழ்.

தொலைபேசி அழைப்புக்கு ‘நீங்கள் கோல் எடுத்தபோது நான் வீட்டில் இல்லை’ என்றே எழுதிவிடலாம். பல்லுக்கு ‘முன்பல் இரண்டையும் காணவில்லை’ என்று எழுதினால் பிள்ளையின் குறும்பும் கெடாமல் இருக்கும். இதிலே ஓர் இலக்கணக் குறிப்பு. ஒரு பொருள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்றால் ஆங்கிலத்தில் ‘மிஸ்ஸிங்’ என்ற வடிவம்தான் வரவேண்டும். ‘மை புக் இஸ் மிஸ்ட்’ என்று எழுதும் மாணவர்களை ஒவ்வொரு வருடமும் கண்டிருக்கிறேன்; அப்படி எழுதினால் அந்தப் புத்தகம் இல்லையே என்று யாரோ ஏங்குகிறார்கள் என்று ஆகிவிடும். அதேபோல் இந்த வினைக்குப் பின்னால் வேறொரு வினை வந்தால் அது ‘இங்’ ஏற்றே வரும். ‘டு’ சேர்ந்து வராது. உங்களைப் பார்க்காமல் ஏங்குகிறேன் என்பதற்கு ‘ஐ மிஸ் ஸீயிங் யூ’ என்பதுதான் சரி.

பாடசாலையில் ரீச்சரை ‘மிஸ்’ என்று கூப்பிடுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இல்லை. அது ‘மிஸ்ட்ரஸ்’ என்பதன் குறுக்கம். இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஓசை மட்டுமே ஒன்று.

முதல் வரிக்கு ‘அம்மம்மா, உங்கள் பிரிவு என்னை வாட்டுகிறது’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம். திருக்குறளில் 116 ஆம் அதிகாரத்தின் பெயரே பிரிவாற்றாமைதான். இந்த உணர்வுக்குத் தமிழில் சொல் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.


பதில்: சாவகச்சேரி முன்பள்ளி

ஐயாவின் விளக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். பூனையையும் பஸ்ஸையும் பற்றி அவர் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதல் வரிக்கு அவர் தந்த வாக்கியத்தை மரியாதையோடு மறுக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் ‘பிரிவு வாட்டுகிறது’ வராது. அதை வாசிக்கும் அம்மம்மாவுக்கும் அது பிள்ளையின் குரலாகக் கேட்காது, யாரோ எழுதிக் கொடுத்ததாகத்தான் கேட்கும்.

எங்களிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. நாள்தோறும் நாங்கள் பேசுவதாலேயே அது எங்கள் கண்ணில் படவில்லை. நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் புதுப் பிள்ளைகள் வந்து சேரும்போது முதல் இரண்டு கிழமையும் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் ஒன்றுதான்: “பிள்ளை தாயைத் தேடுது.” அந்தப் பிள்ளை எழும்பி நடந்து எங்கேயும் தேடுவதில்லை. கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல், பாயில் ஒரே இடத்தில் இருந்து படலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அழுதால்கூட ஆற்றிவிடலாம். அழாமல் தேடுகிற பிள்ளையைத்தான் ஆற்றமுடியாது. மத்தியானம் தாய் வந்து தூக்கியவுடன் உடம்பு தளர்ந்து தோளில் விழும்போதுதான், காலை முழுவதும் அந்தச் சின்ன உடம்பு எப்படி இறுகிப்போய் இருந்தது என்பது எங்களுக்குத் தெரியவரும். இதை ‘நினைக்கிறது’ என்று யாராவது சொல்வார்களா?

பிள்ளைக்கு மட்டுமல்ல. கன்றைப் பிரித்துக் கட்டினால் பசு கன்றைத் தேடிக் கத்துகிறது என்கிறோம். வீட்டுக்காரர் இறந்த பின் அவருடைய நாய் ஆளைத் தேடிச் சாப்பிடாமல் கிடந்தது என்கிறோம். வெளிநாடு போன மகனைப் பற்றிக் கேட்டால், “பெத்த மனம் தேடும்தானே” என்று தாய் பதில் சொல்கிறாள். கவனிக்க ஆளில்லாமல் ஒரு வீடோ வளவோ பாழாய்ப் போனால் “தேடுவாரற்றுக் கிடக்கு” என்று சொல்வதும் இதே வினைதான். இல்லாததற்காக ஏங்க ஓர் ஆள்கூட இல்லை என்பது அந்தத் தொடருக்குள் இருக்கிறது. ஆகவே என் ஆலோசனை, ‘அம்மம்மா, நான் உங்களைத் தேடுகிறேன்’.


பதில்: மொழிபெயர்ப்பாளர், யாழ் நகரம்

இருவரும் சொன்னவற்றோடு இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். சட்டப் பத்திரங்களையும் வாக்குமூலங்களையும் மொழிபெயர்ப்பது என் தொழில்.

முன்பள்ளி அக்கா சொன்ன ‘தேடு’ பேச்சில் முழுமையாகச் சரி. ஆனால் எழுத்தில் ‘நான் உங்களைத் தேடுகிறேன்’ என்று தனியாக நின்றால், முகவரி தெரியாமல் தேடிக்கொண்டிருப்பதாகவும் பொருள்படும்; வேறு ஊர்த் தமிழர் வாசித்தால் நிச்சயமாக அப்படித்தான் எடுப்பார்கள். எங்கள் மண்ணில் இந்த வினைக்கு இன்னுமொரு கனமும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். உழைத்துச் சேர்த்ததைத் ‘தேடியது’ என்று சொன்ன சமூகம், ஏங்குவதையும் ‘தேடுவது’ என்று சொல்வது எனக்கு எப்போதும் வியப்பான விடயம். ‘மனம்’ என்ற சொல்லை எழுவாயாக வைத்து ‘என் மனம் உங்களைத் தேடுகிறது’ என்று எழுதினால் மயக்கம் நீங்கும். ஆனால் பிள்ளையின் குரல் கொஞ்சம் குறைந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது விடயம் கடிதத்துக்கு நேரே உரியதல்ல. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லைப் பேசும்போது அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் இந்தச் சொல்தான் இருக்கிறது. ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’ என்ற தமிழ்ப் பெயரில் அது ‘காணாமற்போன’ என்று வருகிறது. இலக்கணப்படி அதில் பிழை சொல்ல முடியாது. பல வருடங்களுக்கு முன்னர் ஒரு கூட்டத்தில் ஆங்கிலப் பேச்சை நான் உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘மிஸ்ஸிங்’ என்று வந்த ஒவ்வொரு முறையும் ‘காணாமல் போனவர்கள்’ என்று சொன்னேன். முன் வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து, “தம்பி, என்ர பிள்ளை போகேல்லை. கையைப் பிடிச்சுக் குடுத்தனான்” என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. என்னால் அடுத்த வாக்கியத்தைத் தொடர முடியவில்லை.

‘போன’ என்றால் போனவர் தானாகப் போயிருக்கிறார் என்று ஆகிறது. அந்தத் தாய்மார் கேட்பது ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற சொல். செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அந்த ‘ஆக்கப்பட்ட’ என்ற வடிவம் மறைக்காமல் வைத்திருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய உறவினர்களின் தொடர் போராட்டம் இந்தச் சொல்லைத்தான் முன்னால் வைத்தது. இதற்குரிய ‘டிஸப்பியர்’ என்ற ஆங்கில வினைச்சொல்லும் ஒரு காலத்தில் ‘தானாக மறைந்து போதல்’ என்ற பொருளில் மட்டுமே வழங்கியது. 1970களில் ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போனவர்களைக் குறித்த ஸ்பானியச் சொல்லின் செல்வாக்கில்தான், ஒருவரை ‘மறைத்துவிட்டார்கள்’ என்று அதைச் செயப்பாட்டு வினையாகவும் எழுதும் வழக்கம் ஆங்கிலத்தில் பரவியது. தமிழுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. ‘ஆக்கு’ என்ற துணைவினை கையிலேயே இருந்தது. அன்றிலிருந்து நான் ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லைக் கண்டால், யாரைப் பற்றியது என்று பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்கிறேன்.

பிள்ளையின் பல்லுக்கு ‘காணவில்லை’ தாராளமாகப் போதும்.


பதில்: கொக்குவில் மகள்

மூவருக்கும் மிகுந்த நன்றி. வாத்தியார் ஐயா கேட்டபடி அக்காவிடம் விசாரித்தேன். கொழும்பிலிருந்து புறப்பட்ட விமானம்தான் மூன்று மணித்தியாலம் பிந்தியதாம். ஆகவே ‘நாங்கள் போய்ச் சேர முதல் விமானம் போய்விட்டது’ என்றே எழுதிவிட்டேன். பூனையும் தப்பிவிட்டது. முதல் வரிக்குக் கீழே மட்டும் இன்னும் வெறுமையாக விட்டிருக்கிறேன். ‘தேடுகிறேன்’ என்று பென்சிலால் எழுதி, பிறகு அழித்தேன். பேச்சில் அம்மா தினமும் சொல்லும் சொல் அது. எழுத்தில் பார்த்தபோது மொழிபெயர்ப்பாளர் சொன்ன தயக்கம் எனக்கும் வந்தது.


பதில்: வேலணை – பரிஸ்

நான் வேலணையில் பிறந்து, இப்போது 26 வருடமாகப் பரிஸில் இருக்கிறேன். பிரெஞ்சு மொழியில் இந்த இடம் எப்படி இருக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவலாம்.

பிரெஞ்சில் ‘மாங்க்கே’ என்று ஒரு வினை உண்டு. குறைதல், இல்லாதிருத்தல் என்பது அதன் பொருள். ரயிலைத் தவறவிட்டாலும் அதே வினைதான். ஆனால் ஒருவருக்காக ஏங்கும்போது வாக்கியம் தலைகீழாகத் திரும்பிவிடும். ‘து ம மாங்க்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘நீ எனக்குக் குறைகிறாய்’ என்று வரும். ஏங்குபவர் எழுவாய் அல்ல, இல்லாத ஆள்தான் எழுவாய். ஆங்கிலம் படித்துவிட்டு இங்கே வரும் எங்கள் பிள்ளைகள் தொடக்கத்தில் இதைப் புரட்டிப் போட்டுவிடுவார்கள். அப்படிப் புரட்டினால் ‘உனக்கு என் நினைவாக இருக்கிறது’ என்று எதிர்ப்பொருள் வந்துவிடும். எனக்கு மட்டும் அந்தப் பிரெஞ்சு வாக்கியம் முதல் நாளிலேயே பிடிபட்டது. ‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியம் எங்களுடையதுதானே. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது, எனக்கு அவள் இல்லாத குறை. பசியையும் குளிரையும் போலவே ஒருவர் இல்லாமையும் எங்களுக்கு வந்து நேர்கிறது, நாங்களாகச் செய்வதில்லை. வாத்தியார் ஐயா பஸ்ஸிலும் பூனையிலும் காட்டியதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் ‘நீங்கள் இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது’ என்பதையும் நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். அது பெரியவர்களின் வாக்கியம், நினைவுமலரில் எழுதுவது.

நாங்கள் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டோம். பிள்ளைக்கு எழுதத்தான் வராது, தமிழ் நன்றாகப் பேசுவாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் தமிழ் தேடுவதைவிட, சனிக்கிழமை தொலைபேசி எடுத்து அவளிடமே கேளுங்கள். ‘மிஸ்’ என்ற சொல்லைச் சொல்லாமல் கேளுங்கள். அம்மம்மா பக்கத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேளுங்கள். என் மகள் சின்னவளாக இருந்தபோது ஊரிலுள்ள அப்பம்மாவுக்கு இப்படித்தான் கடிதம் எழுதினோம். அவள் வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.


பதில்: பருத்தித்துறை வாத்தியார்

வேலணைத் தங்கை சொன்னதே சரி. முன்பள்ளி ரீச்சருக்கும் ஒரு வார்த்தை. என் வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். நீங்கள் எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, “நீங்கள் கொழும்பிலை ட்ரெய்னிங்குக்குப் போன வருசம் மூத்தவன் உங்களைத் தேடிக் காய்ச்சலிலை கிடந்தவன், மறந்திட்டியளோ” என்று கேட்டார். மறந்துதான் போயிருந்தேன்.


பதில்: கொக்குவில் மகள்

சனிக்கிழமை இரவு எங்களுக்கு எட்டரை, அவர்களுக்குக் காலை நேரம், தொலைபேசி எடுத்தேன். வேலணை அக்கா சொன்னபடி ‘மிஸ்’ என்ற சொல்லைச் சொல்லாமல் கேட்டேன். இங்கே நின்ற ஐந்து கிழமையும் அவள் அம்மம்மாவின் கட்டிலில்தான், அவருடைய சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நித்திரை கொண்டவள் என்பதை முதலில் சொல்லவேண்டும். கேள்வி கேட்டவுடன் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சின்னம்மா, நான் எழும்பிப் பாத்தா அம்மம்மாவைக் காணேல்லை” என்றாள்.

திருப்பிக் கேட்டேன். அதையே சொன்னாள்.

வாத்தியார் ஐயா எழுதிய அந்த மூன்றாவது படி, கை நீட்டிய இடத்தில் இல்லை என்று காண்பது, அதுதான் இது என்று அப்போது எனக்குப் பட்டது. ‘தேடுது’ என்று அவள் சொல்லியிருந்தாலும் நான் மகிழ்ந்திருப்பேன்; ஆனால் அவள் சொன்னது இது. எழுத்துத் தமிழுக்கு மாற்றாமல், அவள் சொன்னபடியே, ‘அம்மம்மா, நான் எழும்பிப் பாத்தா உங்களைக் காணேல்லை’ என்று முதல் வரிக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருந்து வாசித்தார். முதல் வரியில் கன நேரம் நின்றார். பிறகு விமானம், தொலைபேசி, பூனை என்று கீழே வந்து, பல்லில் நின்று என்னைக் கூப்பிட்டார். விழுந்த பற்களைக் கூரையில் எறிந்து அணிலிடம் புதுப் பல் கேட்டார்களா, அல்லது அங்கே சும்மா எங்கேயாவது போட்டுவிட்டார்களா என்று அக்காவிடம் உடனே கேட்கட்டாம். கேட்டுவிட்டு, கட்டிலில் தன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்த மற்றத் தலையணையைத் தூக்கி, கடிதத்தை அதற்குக் கீழே வைத்தார்.